டெல்ஃபின் செரிக் ஏன் வீடியோ கேமராவைக் கையில் எடுத்தார்?

நண்பர் ஒருவர் 'ழான் டீல்மன்' படத்தைப் பார்த்துவிட்டு எழுதியிருந்த கேள்வியின் சுருக்கம் இது: "ரெனே, த்ரூஃபோ, புனுவல் என்று பெரிய இயக்குநர்களின் படங்களில் நடித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு நடிகை டெல்ஃபின் செரிக், 1970-களின் நடுவில் கறுப்பு வெள்ளை வீடியோவில் என்னென்னவோ எடுக்க ஆரம்பித்தது ஏன்? வாய்ப்பு குறைந்துவிட்டதா? அந்த வீடியோக்களை இப்போது மியூசியங்களில் காட்டுகிறார்களே, நிஜமாகவே அவற்றில் விஷயம் இருக்கிறதா, இல்லை நட்சத்திரத்தின் பெயருக்காகத்தானா?"

முதலில் வாய்ப்பு விஷயத்தை முடித்துவிடுகிறேன். 1975 கான் திரைப்பட விழாவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷான்டல் அகர்மனின் 'ழான் டீல்மன்', மார்கெரித் துராஸின் 'இண்டியா சாங்', லிலியான் த கெர்மதெக்கின் 'அலோயீஸ்' என்று செரிக் நடித்த மூன்று படங்கள் ஒரே விழாவில் திரையிடப்பட்டன. மூன்றையும் இயக்கியவர்கள் பெண்கள். எந்த நடிகைக்கும் கிடைக்காத வருஷம் அது. அதே வருஷம்தான் அவர் அமெரிக்காவுக்குப் போய், தோளில் தொங்கும் ஒரு வீடியோ கருவியோடு சக நடிகைகளின் வீட்டுக் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதனால் இதை ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று சொல்லவே முடியாது. இதில் நான் உறுதியாக நினைப்பது ஒன்று உண்டு. செரிக் நடிப்பை விட்டுவிட்டு வேறொரு கலைக்குப் போகவில்லை. பிறர் எழுதிய வசனத்தைப் பேசுவது, பிறர் கண்ணுக்காக உட்கார்ந்திருப்பது, பிறர் முடிவுக்காகக் காத்திருப்பது என்று ஒரு நடிகையின் வேலையில் என்னவெல்லாம் அடங்கியிருக்கிறதோ, அதையே தன் வீடியோக்களின் பொருளாக எடுத்துக்கொண்டார். அவற்றின் வடிவம் விசித்திரமாக இருப்பதற்கும் அதுதான் காரணம்.

சோதனைக் கலை அவருக்கு வெளியே இருந்து வந்த விஷயமும் இல்லை. 1932-இல் பெய்ரூத்தில் பிறந்தவர். அப்பா ஆன்ரி செரிக் தொல்லியல் அறிஞர், சிற்பி அலெக்ஸாண்டர் கால்டரின் நெருங்கிய நண்பர்; 1954-இல் கால்டர் பெய்ரூத்துக்கு வந்ததே அவர் அழைத்துத்தான். டெல்ஃபின் மணந்துகொண்டது ஜாக் யங்கர்மன் என்ற அமெரிக்க அரூப ஓவியரை. 1950-களின் பிற்பாதியில் இருவரும் நியூயார்க்கில், மன்ஹாட்டனின் தென்கோடியில் துறைமுகத்தை ஒட்டிய கோயன்டீஸ் ஸ்லிப் என்ற தெருவில் குடியிருந்தார்கள். ஒரு காலத்தில் கப்பல் பாய் தைத்த பழைய கிடங்குகள் அங்கே குறைந்த வாடகைக்குக் கிடைத்தன. எல்ஸ்வொர்த் கெல்லி, ஆக்னெஸ் மார்ட்டின், ராபர்ட் இண்டியானா எல்லாரும் அக்கம்பக்கத்தில். அமெரிக்க நவீன ஓவியத்தின் ஒரு முக்கியமான அத்தியாயம் அந்தத் தெருவில்தான் எழுதப்பட்டது. ஆக்டர்ஸ் ஸ்டூடியோவில் நடிப்புப் பயிற்சி, வீட்டுக்கு வந்தால் ஓவியர்கள் என்று அவருடைய நாட்கள் போயின. அவர் நடித்த முதல் படமே 1959-இல் வந்த 'புல் மை டெய்ஸி' என்ற அரைமணி நேரச் சோதனைப் படம்தான். ராபர்ட் ஃபிராங்க் என்ற புகைப்படக்காரரும் ஆல்ஃபிரட் லெஸ்லி என்ற ஓவியரும் சேர்ந்து எடுத்தது. கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் முதலானவர்கள் அதில் தாங்களாகவே வந்து போவார்கள். எழுத்தாளர் ஜாக் கெரூவாக் பின்னணியில் பேசிக்கொண்டே இருப்பார். ஆண்கள் எல்லாரும் கவிதையும் கூத்துமாக இருக்க, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மனைவி வேடம் செரிக்குக்கு. பின்னால் நடந்தவற்றைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த வேடம் கண்ணில் உறுத்தும்.

அப்புறம் 1961, 'மரியன்பாதில் கடந்த ஆண்டு'. அலென் ரெனேயின் அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியது. செரிக்கின் பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, திரைக்கதையில் வெறும் 'ஏ'. ஷனேல் உடைகளில், பெரிய மாளிகையின் தாழ்வாரங்களில், ஒரு கையைத் தோளில் வைத்துக்கொண்டு சிலைபோல நிற்பார். "போன வருஷம் நாம் சந்தித்தோம்" என்று ஒரு ஆண் அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பார். அந்தப் பெண்ணின் நினைவு என்ன என்பதையே இன்னொருவர் முடிவுசெய்கிற கதை. எனக்கு மிகவும் பிடித்த படங்களில் ஒன்று அது. ஆனால் அந்த ஒரே படத்தால் பிரெஞ்சு ரசிகர்கள் மனத்தில் செரிக் ஒரு எட்டாத உருவமாக உறைந்துபோனார். 1963-இல் 'மூரியல்' படத்துக்காக வெனிஸில் சிறந்த நடிகைக்கான விருது வாங்கினார். கலைந்த தலையும் பதற்றமுமாக ஒரு நடுத்தர வயது விதவையாக அதில் நடித்திருந்தார். அப்படியும் அந்தத் தேவதைப் பிம்பம் விலகவில்லை. 1968-இல் த்ரூஃபோ 'திருட்டு முத்தங்க'ளில் அவருக்குக் கொடுத்த வேடமும், இளைஞன் ஒருவன் வாயடைத்துப்போய் வணங்கி நிற்கிற அழகியின் வேடம்தான்.

திருப்பம் சினிமாவுக்கு வெளியே நடந்தது. கருக்கலைப்பு பிரான்சில் குற்றமாக இருந்த காலம். 1971 ஏப்ரலில் 343 பெண்கள், "நான் கருக்கலைப்புச் செய்துகொண்டேன்" என்று வெளிப்படையாக அறிவித்து ஒரு வாரப் பத்திரிகையில் கையெழுத்திட்டார்கள். சிமோன் த பொவார் எழுதிய அந்த அறிக்கையில் செரிக்கின் கையெழுத்தும் இருந்தது. அடுத்த வருஷம், கருக்கலைப்பு செய்துகொண்ட ஒரு சிறுமிமீதும் அவளுடைய தாய்மீதும் வழக்குத் தொடுக்கப்பட்டபோது, போபினி நகர நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். அதே 1972-இல், பாதுகாப்பான கருக்கலைப்பு முறை ஒன்றைச் செய்துகாட்டும் கூட்டம் பாரிஸில் அவருடைய சொந்த வீட்டிலேயே நடந்தது. படவாய்ப்புகள் வந்துகொண்டிருந்த ஒரு நடிகை அன்று இதைச் செய்தார் என்பதை நாம் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை ஜோசப் லோசி நார்வேயில் படமாக்கியபோது (படம் வந்தது 1973-இல்) ஜேன் ஃபோண்டாவும் செரிக்கும் சேர்ந்து நடித்தார்கள். பெண் பாத்திரங்களைத் திரைக்கதையில் சுருக்கிவிட்டார்கள் என்று இருவரும் படப்பிடிப்பிலேயே சண்டை போட்டார்கள். பெண் விடுதலை பற்றிய நாடகத்திலேயே பெண்களின் பேச்சு எடுபடவில்லை என்றால், ஒரு நடிகை அடுத்து என்ன செய்வார்?

கருவியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1960-களின் இறுதியில் சோனி நிறுவனம் போர்ட்டபேக் என்ற வீடியோ கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தோளில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டர், கையில் ஒரு கேமரா, பேட்டரி, அரை அங்குல டேப். அவ்வளவுதான். ஒரு ரீலில் சுமார் அரைமணி நேரம் பதியலாம். படம் கறுப்பு வெள்ளை, விளிம்புகள் மங்கும், விளக்கை நோக்கித் திருப்பினால் திரையில் வெள்ளைக் கோடு இழுபடும். சினிமாப் படச்சுருளோடு ஒப்பிட்டால் தரம் ரொம்பக் குறைவு. ஆனால் லேபுக்கு அனுப்பிக் கழுவ வேண்டாம். எடுத்த உடனேயே போட்டுப் பார்க்கலாம், எதிரே உட்கார்ந்து பேசிய பெண்ணுக்கே காட்டி, "இது சரியா, ஏதாவது நீக்கிவிடட்டுமா?" என்று கேட்கலாம். டேப்பை அழித்துவிட்டு மறுபடி பதியலாம். ஒலியும் படமும் சேர்ந்தே பதிவாகும். தயாரிப்பாளர் வேண்டாம், லைட்மேன் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம். இந்தப் பெண்கள் அடிக்கடி சொன்ன இன்னொரு காரணமும் உண்டு. வீடியோ புத்தம் புதியது. அதற்குப் பள்ளியும் கிடையாது, வரலாறும் கிடையாது, ஆண் மேதைகளின் வரிசையும் கிடையாது.

பிரான்சில் இந்தக் கருவியை முதன்முதலில் வாங்கியவர்களில் ஒருவர் கரோல் ருஸோபுலோஸ். சுவிட்சர்லாந்துக்காரர், 1945-இல் பிறந்தவர். பேஷன் பத்திரிகை வேலை போனபோது கையில் கிடைத்த பணத்தை, எழுத்தாளர் ழான் ழெனேயின் யோசனைப்படி, இந்தக் கருவியில் போட்டார். இயக்குநர் கோதாருக்கு அடுத்து பிரான்சில் அதை வாங்கியது தான்தான் என்று அவர் சொல்வதுண்டு. பெண்களுக்கு வீடியோ பயிற்சி வகுப்புகள் நடத்த ஆரம்பித்தார். அங்கே செரிக் தன் நெடுநாள் தோழி யோவானா வீடரோடு மாணவியாகப் போய்ச் சேர்ந்தார். மரியன்பாத் நாயகி, நாற்பது வயதுக்கு மேல், டேப்பை எப்படிக் கோப்பது என்று ஒரு இளம்பெண்ணிடம் கற்றுக்கொண்டார். பிறகு மூவரும் சேர்ந்து 'லேஸ் அன்சூமூஸ்' (அடங்காதவர்கள், கலைத்தேவதைகள் என்ற இரண்டு பிரெஞ்சுச் சொற்களை ஒட்டிய பெயர்) என்ற பெயரில் இயங்கினார்கள்.

கரோலின் வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம். 1975 ஜூனில் லியோன் நகரத்தின் பாலியல் தொழிலாளர்கள், போலீஸ் கொடுமையை எதிர்த்து சேன் நீசியே தேவாலயத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். முகத்தைக் காட்டினால் குடும்பத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தால் அவர்களால் வெளியே வந்து பேச முடியவில்லை. கரோல் உள்ளே அவர்கள் பேச்சைப் பதிவுசெய்தார். தேவாலயத்துக்கு வெளியே தெருவில் டிவி பெட்டிகளை வைத்து அதை ஓடவிட்டார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். இன்றைக்கு ஒரு கலைக்கூடத்தில் இப்படிச் செய்தால் வீடியோ நிறுவல் கலை என்பார்கள். அன்று அந்தப் பெண்களுக்கு அது அவசரத் தேவை. செரிக்கின் கூட்டாளியிடம் இருந்த கலை உணர்வு இப்படிப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து வரும் மூன்று வீடியோக்களும் எளிதாகப் பிடிபடும்.

முதலில் 'ஸ்கம் அறிக்கை 1967'. எடுத்தது 1976-இல், அரைமணி நேரத்துக்கும் குறைவு. வாலரி சோலனாஸ் என்ற அமெரிக்கப் பெண் 1967-இல் எழுதி, தெருவில் விற்ற, ஆண்களுக்கு எதிரான ஒரு காட்டமான அறிக்கை அது. அடுத்த வருஷம் அவர் ஓவியர் ஆண்டி வார்ஹோலைத் துப்பாக்கியால் சுட்டதால் அது இன்னும் பேசப்பட்டது. அதன் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு அப்போது கடைகளில் கிடைக்கவில்லை. புத்தகம்தான் இல்லையே, வீடியோவிலாவது பதிந்து வைப்போம் என்பது யோசனை. சட்டகத்தில் ஒரு மேஜை. ஒரு பக்கம் செரிக் புத்தகத்தைப் பார்த்து வாசிக்கிறார். மறுபக்கம் கரோல் அதை டைப்ரைட்டரில் அடிக்கிறார். நடுவில் ஒரு டிவி, அதில் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது. செரிக் ஒரு வாக்கியம் வாசிப்பார், டைப்ரைட்டர் தடதடக்கும், அது முடியும்வரை அவர் காத்திருப்பார், அடுத்த வாக்கியம். நடுநடுவே டிவியின் சத்தத்தைக் கூட்டிக் கேமரா அதன் பக்கம் நெருங்கும். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ நடக்கும் போர்கள், ஆட்சியாளர்கள், ராணுவ உடைகள். திரையில் தெரிகிற முகங்கள் பெரும்பாலும் ஆண்கள். ஒரு இடத்தில் மட்டும் பெல்ஃபாஸ்டில் சமாதானம் கேட்டு ஊர்வலம் போகும் பெண்கள்.

இந்த வீடியோவை ஒரு நடிகையின் வேலையாகப் பார்த்தால்தான் அதன் நுட்பம் தெரியும். செரிக்கின் குரல் பிரான்சில் பேர் போனது. செல்லோ வாத்தியம் போன்ற குரல் என்று எழுதாத விமர்சகர் குறைவு. அந்தக் குரலை அவர் இங்கே பயன்படுத்தவே மறுக்கிறார். உணர்ச்சியேற்றம் இல்லை, நடிப்பு இல்லை. ஆபீஸில் கடிதத்துக்கு டிக்டேஷன் கொடுக்கிற தொனி. ஆண் சொல்லப் பெண் தட்டச்சு செய்வதுதான் அன்றைய அலுவலகங்களில் தினமும் காணும் காட்சி. இங்கே இரண்டு நாற்காலியிலும் பெண்கள். ஆண் குலத்தையே ஒழிக்கச் சொல்லும் வாக்கியங்கள், பால் கணக்கு எழுதுவதுபோல நிதானமாகக் காகிதத்தில் ஏறுகின்றன. சோலனாஸ் சொல்வது அத்தனையும் எனக்கு ஏற்புடையது இல்லை. செரிக் அதை அப்படியே வழிமொழிகிறார் என்றும் நான் நினைக்கவில்லை. அறிக்கையின் வன்முறை வெறும் வார்த்தை, டிவியில் ஓடுவது நிஜ வன்முறை. இரண்டையும் ஒரே சட்டகத்தில் அவர்கள் வைத்திருக்கிறார்கள். எது பயங்கரம் என்பதை நாமேதான் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அதே 1976-இல் வந்த 'மாஸோவும் மீஸோவும் படகில் போகிறார்கள்'. மாஸோ என்றால் தன்னைத்தானே வதைத்துக்கொள்பவர், மீஸோ என்றால் பெண்வெறுப்பாளர். 1975-ஐ ஐ.நா. சர்வதேசப் பெண்கள் ஆண்டாக அறிவித்திருந்தது. அந்த ஆண்டு முடிவதைக் கொண்டாடுவதுபோல, டிசம்பர் கடைசியில் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் பெர்னார் பிவோ ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பெண்களுக்கான இணையமைச்சர் ஃபிரான்சுவாஸ் ழிரூ சிறப்பு விருந்தினர். பெண்களை மட்டம் தட்டுவதில் பெயர் வாங்கிய ஆண்கள் சிலரின் பேச்சைப் போட்டுக்காட்டி அவருடைய கருத்தைக் கேட்டார்கள். அமைச்சரோ பெரும்பாலும் சிரித்துச் சமாளித்தார். செரிக், கரோல், யோவானா, நாட்ஜா ரிங்கார் நால்வரும் அந்த ஒளிபரப்பைப் பதிவுசெய்து, அதற்குள்ளேயே கைவைத்தார்கள். அமைச்சர் ஒரு பதில் சொல்கிறார்; படம் அப்படியே உறைகிறது; கையால் எழுதிய அட்டை ஒன்று வந்து கேள்வி கேட்கிறது. கேவலமான ஒரு வாக்கியம் வந்தால் அதையே மூன்று நான்கு தடவை திருப்பிப் போடுகிறார்கள். நடுவில் பாட்டு. கடைசியில், டிவி காட்டும் எந்தப் பிம்பமும் எங்களைக் காட்டாது, எங்கள் கதையை வீடியோவில் நாங்களே சொல்லிக்கொள்வோம் என்ற பொருளில் ஒரு அறிவிப்பு.

யூடியூபில் இன்று ஆயிரம் பேர் செய்கிற வேலை இது. வீட்டில் டிவியைப் பதிவுசெய்வதே அபூர்வமாக இருந்த 1976-இல் இதைச் செய்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். மூன்றில் காலம் அதிகம் கடித்தது இதைத்தான். அந்த விருந்தினர்கள் யார், ழிரூ யார் என்று தெரியாமல் பார்த்தால் பாதி நையாண்டி கைக்கு அகப்படாது. ழிரூ ஒரு பத்திரிகையாளராக எவ்வளவு சாதித்தவர் என்பது தெரிந்தவர்களுக்கு, அவர்மேல் இந்த வீடியோ கொஞ்சம் அதிகமாகவே கோபப்படுகிறது என்றும் தோன்றும். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

மூன்றாவதுதான் செரிக்கின் முழு நீள வேலை. 'அழகாக இரு, வாயை மூடு'. 1975-இலும் 1976-இலும் அமெரிக்காவிலும் பாரிஸிலும் பதிவு செய்தது. வெளியே வந்தது 1981-இல். தலைப்பு, 1950-களில் வந்த ஒரு பிரெஞ்சு வணிகப் படத்தின் தலைப்பு, அதையே எடுத்துக்கொண்டார். இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகள் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பேசுகிறார்கள். ஜேன் ஃபோண்டா, மரியா ஷ்னைடர், எல்லன் பர்ஸ்டின், ஷெர்லி மெக்லெய்ன், ஜூலியெத் பெர்த்தோ, ஆன் வியாசெம்ஸ்கி, பார்பரா ஸ்டீல், மெய்டி நார்மன். விளக்கவுரை கிடையாது, இசை கிடையாது, படக்காட்சிகளின் துண்டுகள் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் இருந்து செரிக் கேட்கிறார். எதிரே இருப்பவர் யோசித்துப் பதில் சொல்கிறார். "நீ ஆணாகப் பிறந்திருந்தால் நடிக்க வந்திருப்பாயா?" என்பது எல்லாரிடமும் கேட்ட கேள்வி. மாட்டேன் என்கிறவர்கள் அதிகம். மாலுமியாகி ஊர் ஊராகப் போயிருப்பேன், வேறு தொழில் பார்த்திருப்பேன் என்கிற மாதிரியான பதில்கள்.

ஃபோண்டா சொல்வதை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வார்னர் பிரதர்ஸில் முதல் நாள். பல் டாக்டர் நாற்காலிபோல ஒன்றில் உட்காரவைக்கிறார்கள். ஒப்பனைக்காரர்கள் சுற்றி நின்று வேலை செய்கிறார்கள். முடிந்து கண்ணாடியைப் பார்த்தால், அதில் இருப்பது யார் என்றே அவருக்குத் தெரியவில்லை. முடிக்குப் பொன்னிறம் பூசச் சொல்கிறார்கள். கன்னம் ஒட்டித் தெரிவதற்காகப் பல் மருத்துவரிடம் போய்த் தாடையை உடைத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்கிறார்கள். மார்பு போதாது என்று பஞ்சு வைத்த உள்ளாடை. அந்த முகத்தோடும் அந்த உடம்போடும்தான் பல வருஷம் வாழ்ந்தேன் என்கிறார். இவர் யாரோ வாய்ப்புத் தேடி வந்த பெண் இல்லை. ஹாலிவுட்டின் பெரிய நடிகர் ஹென்றி ஃபோண்டாவின் மகள். அவர் நிலையே இது. கறுப்பின நடிகை மெய்டி நார்மன், வீட்டு வேலைக்காரி வேடங்களைப் பற்றிப் பேசுவதை இதற்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் இந்தத் தொழிலின் படிநிலை புரியும். மரியா ஷ்னைடருக்கு அப்போது இருபத்துச் சொச்சம் வயது. 'பாரிஸில் கடைசி டாங்கோ' படத்தில் இயக்குநர் பெர்த்தோலுச்சியும் நாயகன் மார்லன் பிராண்டோவும் தங்களுக்குள்ளேயே படத்தைப் பேசி முடித்துக்கொண்டார்கள் என்ற பொருள்பட அவர் அன்றே சொல்லியிருக்கிறார். அந்தப் படப்பிடிப்பில் ஒரு பாலியல் வன்முறைக் காட்சியின் விவரத்தை முன்கூட்டிச் சொல்லாமல் அவரை நடிக்கவைத்ததை உலகம் காதுகொடுத்துக் கேட்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. செரிக் அன்றே கேட்டார், டேப்பில் பதிந்தும் வைத்தார்.

இதை ஏன் வெறும் பேட்டித் தொகுப்பு என்று தள்ளிவிட முடியாது? நடிகையின் முகம் என்பது சினிமாவில் எப்போதும் ஒளியமைப்பின், லென்ஸின், ஒப்பனையின் விளைவு. இங்கே போர்ட்டபேக்கின் சாம்பல் நிறத்தில் அதே முகங்கள் கசங்கியும் களைத்தும் தெரிகின்றன. யோசிக்கும்போது கண் வேறு எங்கோ போகிறது, பேச்சு பாதியில் நிற்கிறது. ஒரு இயக்குநர் 'கட்' சொல்லி வெட்டியிருக்கக்கூடிய இடங்களையெல்லாம் செரிக் வைத்துக்கொண்டிருக்கிறார். காத்திருக்கத் தெரிந்த ஒரு நடிகையால்தான் இன்னொரு நடிகை பேசி முடிக்கும்வரை இப்படிக் காத்திருக்க முடியும். ஆண்டி வார்ஹோலின் படங்களில் நடித்த வீவாவும் இதில் வருகிறார். சோதனைப் படங்களின் உலகத்திலும் பெண்களின் நிலை இதுதான் என்று காட்ட வேறென்ன வேண்டும்?

அவர் நடித்த படங்களையும் இதிலிருந்து பிரிக்க முடியாது. 'இண்டியா சாங்' 1930-களின் கல்கத்தாவில் பிரெஞ்சுத் தூதரகத்தில் நடக்கும் கதை; எடுத்தது முழுக்க பிரான்சில். துராஸ் குரல்களை முன்கூட்டியே பதிவுசெய்து படப்பிடிப்பில் ஓடவிட்டார். நடிகர்கள் அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே வாய் திறக்காமல் நடமாடினார்கள். உடம்பு ஓரிடம், குரல் ஓரிடம். 'ழான் டீல்மன்' ஒரு விதவை இல்லத்தரசியின் மூன்று நாள் வாழ்க்கையை, அவளுடைய வீட்டு வேலைகளோடு நிதானமாகக் காட்டும் படம். அதை எடுத்தபோது அகர்மனுக்கு இருபத்து நான்கு வயது, செரிக்குக்கு நாற்பத்திரண்டு. படப்பிடிப்புக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். நடிகர் சாமி ஃப்ரே அந்தப் படப்பிடிப்பை வீடியோவில் பிடித்துவைத்திருக்கிறார். அதில் செரிக் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்: தலைமுடியை எவ்வளவு மெதுவாக வாருவது, அப்போது அவள் எதை நினைக்கிறாள், ஏன் இந்த நேரம்? அகர்மன் மனவியல் விளக்கம் தர மறுப்பார். எப்படிச் செய்ய வேண்டும் என்பதை மட்டும் சொல்வார். இருவருக்கும் லேசாக உரசவும் செய்யும். நடிகை என்பவர் சொன்னதைச் செய்கிறவர் என்ற எண்ணம் இருந்தால் அந்தக் காட்சிகள் அதைக் கலைத்துவிடும். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இந்தப் படம் உலகின் தலைசிறந்த படமாக முதலிடம் வந்தபோது பலரும் அகர்மனைக் கொண்டாடினார்கள். சரிதான். ஆனால் அந்த மூன்றேகால் மணி நேரமும் நாம் பார்த்துக்கொண்டிருப்பது செரிக்கின் கைகளை.

நடிகர்கள் சோதனைப் படத்துக்கும் காட்சிக்கலைக்கும் போவது வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. டென்னிஸ் ஹாப்பர் நல்ல புகைப்படக்காரர், ஓவியங்கள் சேகரித்தவர். 1969-இல் 'ஈஸி ரைடர்' ஓடிய ஓட்டத்தில் ஒரு பெரிய ஸ்டூடியோவின் பணத்தில் பெரு நாட்டு மலைக்கிராமத்துக்குப் போய் 'தி லாஸ்ட் மூவி' எடுத்தார். 1971-இல் அது தோற்றதும், மறுபடி ஒரு படம் இயக்க ஏறக்குறைய பத்து வருஷம் ஆனது. எனக்குப் பிடித்த படம்தான் அதுவும். ஸ்டூடியோ பணத்தில் சோதனை செய்தால் ஸ்டூடியோ கதவை மூடியதும் சோதனையும் நின்றுவிடுகிறது. செரிக்கின் வேலையில் யாரும் மூடக்கூடிய கதவு இல்லை. ஒரு கருவி, நான்கைந்து தோழிகள், வீட்டு மேஜை. திரையிடல்களும் பெரும்பாலும் பெண்கள் குழுக்களிலும் சிறிய அரங்குகளிலும்தான்.

ஆனால் பெரிய திட்டங்களுக்கு இது போதவில்லை என்பதும் உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்குப் பகுதியில் பேர் போன சாகசப் பெண் கலாமிட்டி ஜேன் தன் மகளுக்கு எழுதியதாகச் சொல்லப்படும் கடிதங்களை வைத்து ஒரு படம் எடுக்க செரிக் பல வருஷம் அலைந்தார். அமெரிக்காவுக்குப் போய் ஆய்வும் செய்தார். படம் எடுக்கப்படாமலேயே போனது. அதில் மிச்சமிருந்தவற்றை வைத்து, 'ழான் டீல்மன்' ஒளிப்பதிவாளர் பாபெத் மங்கோல்த் பிற்பாடு ஒரு ஆவணப்படம் செய்திருக்கிறார். செரிக்கே எழுதி இயக்கிய ஒரு கதைப்படம் நமக்குக் கிடைக்காமல் போனது எனக்கு ஆறாத வருத்தம்.

1982-இல் செரிக், கரோல், யோவானா மூவரும் சேர்ந்து பாரிஸில் சிமோன் த பொவார் ஒலி-ஒளி மையத்தைத் தொடங்கினார்கள். அப்போதைய பெண்கள் உரிமை அமைச்சகம் பணம் கொடுத்தது. பெண்கள் எடுத்ததும் பெண்களைப் பற்றி எடுத்ததுமான வீடியோக்களைச் சேகரிப்பது, பாதுகாப்பது, புதிதாகத் தயாரிப்பது என்று வேலை. அன்று இது சாதாரணமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் அரை அங்குல டேப் சீக்கிரம் கெட்டுப்போகும். இயந்திரமும் கிடைக்காமல் போகும். அந்த மையம் இல்லாவிட்டால் நாம் இன்று இவற்றைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சியிருக்காது. சிமோன் த பொவாரின் இறுதி ஊர்வலத்தைப் பற்றி 'நினைவுக்காக' என்றொரு சிறு வீடியோவும் செரிக் எடுத்தார். நடிப்பையும் நிறுத்தவில்லை, ஜெர்மானியச் சோதனை இயக்குநர் உல்ரிக்கே ஓட்டிங்கரின் படங்களில் 1980-கள் முழுக்க நடித்தார். 1990 அக்டோபரில் பாரிஸில் காலமானார். மையம் அடுத்த சில வருஷங்களில் பணமில்லாமல் மூடப்பட்டு, 2000-களில் மறுபடி உயிர்பெற்றது.

மியூசியம் கேள்விக்கு வருகிறேன். 2019-இல் பிரான்சின் லீல் நகரை ஒட்டிய லாம் மியூசியத்திலும், தொடர்ந்து மட்ரிட்டின் ரெய்னா சோஃபியாவிலும் இவர்களுடைய வேலைகளுக்குப் பெரிய கண்காட்சி நடந்தது. நட்சத்திரப் பெயர் அதற்கு உதவியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடங்களில் செரிக்கின் வேலைகளோடு கரோலின் வேலைகளும் இருந்தன. கரோலின் பெயருக்கு எந்த நட்சத்திர மதிப்பும் கிடையாது. என் கணக்கில் 'ஸ்கம் அறிக்கை' 1970-களின் வீடியோ கலையில் எதோடு வேண்டுமானாலும் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. 'மாஸோவும் மீஸோவும்' ஒரு முக்கியமான ஆவணம். 'அழகாக இரு, வாயை மூடு' இரண்டும் சேர்ந்தது.

பார்க்க நினைப்பவர்கள் 'ஸ்கம் அறிக்கை'யில் தொடங்குங்கள். குறைந்த நேரம், பின்னணி அதிகம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்து 2019-இல் காலிஸ்தோ மக்நல்ட்டி எடுத்த 'டெல்ஃபினும் கரோலும்' ஆவணப்படம். இயக்குநர் கரோலின் பேத்தி. மூன்று வீடியோக்களிலிருந்தும் நல்ல பகுதிகள் அதில் உண்டு; 'மாஸோவும் மீஸோவும்' பார்ப்பதற்கான பின்னணியும் கிடைத்துவிடும். 'அழகாக இரு, வாயை மூடு' சமீப ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. மங்கலான பழைய பிரதியில் பார்க்காதீர்கள். அமெரிக்க நடிகைகள் ஆங்கிலத்தில் பேச, மேலே பிரெஞ்சு மொழிபெயர்ப்புக் குரல் ஓடும். அந்தக் குரல் பல இடங்களில் செரிக்குடையதே என்பதால் சப்டைட்டிலை மட்டும் வாசித்துக்கொண்டு போகாமல் அதையும் கேளுங்கள். 'மரியன்பாத்' இன்னும் பார்க்கவில்லை என்றால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.